விந்தணுவை மட்டும் உறைய வைத்தால் ஒரு எலி லைன் பிழைக்குமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் மரபணு மாற்றிய சுண்டெலி லைன் (ஒரே மரபணு மாற்றத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்ட எலி வம்சம்) ஒன்று இருக்கிறது. பிளாக்-6 என்ற கறுப்பு ஆய்வக எலி வம்சம்தான் பின்னணி. இரண்டு மரபணுக்களில் ஃபிளாக்ஸ் மாற்றம் (மரபணுவை வெட்டி நீக்க வசதியாக இரு பக்கமும் வைத்த அடையாளம்), இரண்டு பிரதியிலும். அதோடு அந்த அடையாளத்தில் வெட்டும் நொதியைத் தரும் கிரி மரபணு ஒற்றைப் பிரதியில். தாய் எலிகளுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. ஈற்றுக்கு நாலு குட்டி வந்தாலே அதிகம். "ரெண்டு ஆண் எலியோட விந்தை உறைய வெச்சுட்டு மாசக் கடைசிக்குள்ள பதினெட்டுக் கூண்டையும் மூடிடுங்க" என்கிறார் வழிகாட்டிப் பேராசிரியர். இது போதுமா, கருவையும் உறைய வைக்கணுமா, எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. உங்கள் லைனுக்குக் கருவும் வேண்டும். அதைவிட முக்கியமாக, உறைய வைத்ததில் ஒன்றை உருக்கிப் பார்க்கும்வரை கடைசிக் கூண்டுகளை மூடவே மூடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பதினான்கு வருடமாக எலிக் கரு உறைவிப்பு வேலையில்தான் இருக்கிறேன். நைட்ரஜன் தொட்டியில் பெயர் இருந்தும் உயிர் இல்லாமல் போன லைன்களை என் கையாலேயே உருக்கியிருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் ஆண் எலியின் ஒவ்வொரு விந்தணுவிலும் இரண்டு ஃபிளாக்ஸும் இருக்கும், கிரி பாதியில்தான் இருக்கும். நாளைக்கு அந்த விந்தை உருக்கிச் சாதாரண பிளாக்-6 முட்டையோடு சேர்த்தால், பிறக்கும் குட்டிகள் அத்தனையிலும் ஃபிளாக்ஸ் ஒற்றைப் பிரதியாகத்தான் வரும். அவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இரண்டு ஃபிளாக்ஸும் இரட்டைப் பிரதியாக அமைய 16-இல் ஒரு குட்டி. கிரி ஒரு பக்கத்துப் பெற்றோரிடம் மட்டும் இருந்தால், அதோடு சேர்த்து 32-இல் ஒரு குட்டி. ஈற்றுக்கு ஆறேழு குட்டி என்றால் ஐந்து ஈற்றுக்கு ஒன்று தேறும். அதுவும் ஆணா பெண்ணா என்பது அதிர்ஷ்டம். (இரண்டு மரபணுவும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கணக்கு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.) எலிக்குச் சினைக்காலம் 19 முதல் 21 நாள், பால் மறக்க மூன்று வாரம், இணையத் தயாராக ஆறு முதல் எட்டு வாரம். ஆக ஒரு தலைமுறைக்குப் பத்து வாரம் பிடிக்கும். இப்போது உங்கள் கூண்டில் இருப்பது மாதிரி ஒரு கூட்டத்தைத் திரும்ப உண்டாக்க ஒரு வருடம் ஓடிவிடும்.

கருவை உறைய வைத்தால் இந்தச் சுற்று இல்லை. அதே ஆணின் விந்தை, கிரி இல்லாத அதன் தங்கைகளின் முட்டையோடு சேர்த்தால் எல்லாக் கருவிலும் ஃபிளாக்ஸ் இரட்டையாக இருக்கும், பாதியில் கிரி இருக்கும். உருக்கி வளர்ப்புத் தாய்க்கு வைத்த மூன்றாவது வாரத்தில் பிறக்கும் குட்டிகளில் பாதிக்குப் பாதி உங்களுக்கு வேண்டியவைதான்.

இதையே இன்னொரு வழியிலும் யோசிக்கலாம். அந்தக் கிரி லைன் ஏற்கனவே ஏதாவது களஞ்சியத்தில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம், ஐரோப்பாவின் எம்மா, ஜப்பானில் சுகுபாவில் உள்ள ரிக்கென், குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் கார்டு என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் நீங்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியது இரட்டை ஃபிளாக்ஸ் லைனை மட்டுமே. ஃபிளாக்ஸும் கிரியும் சேர்ந்த கலவைகளை ஆளாளுக்கு உறைய வைப்பதால் தொட்டி நிறைகிறதே தவிர, புதிதாக எதுவும் காப்பாற்றப்படுவதில்லை. ஒரு மரபணுவில் மட்டும் மாற்றம், அதுவும் சாதாரண பிளாக்-6 பின்னணியில் என்றால் விந்தே போதும். மலிவு, சுலபம், ஓர் ஆணிடமிருந்தே பல ஸ்ட்ரா (உறைய வைக்கும் மெல்லிய குழாய்) கிடைக்கும். உங்களுடையது அப்படி இல்லை.

சரி, முட்டை எங்கிருந்து வரும்? இங்கேதான் உங்கள் தாய் எலிகளின் வயது குறுக்கே நிற்கிறது. பெண் சுண்டெலிக்குப் பருவச் சுழற்சி நாலைந்து நாள். முட்டை விடுவது இரவில், இருட்டு நேரத்தின் நடுவாக்கில். இணைந்ததா இல்லையா என்பதை மறுநாள் காலை பிளக் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். ஆண் எலியின் சுரப்பு பெண்ணின் பிறப்பு வாயில் இறுகி, மெழுகுத் துண்டு மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். மதியத்துக்குள் கரைந்துபோய்விடலாம் என்பதால் விடிந்ததும் பார்க்க வேண்டும். இந்த இருட்டுக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று ஒரு முறை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முன்பு வேலை செய்த இடத்தில் எலியறை விளக்கின் டைமர் பழுதாகி இரவெல்லாம் விளக்கு எரிந்திருக்கிறது. பகலில் போய்ப் பார்க்கிற எங்களுக்கு அது தெரியவே இல்லை. இரண்டு வாரமாகப் பிளக் ஒன்றுகூட இல்லை என்ற பிறகுதான் ஒருவர் இரவில் போய் நின்று பார்த்தார்.

இயற்கையாக விடும் முட்டை எட்டு, பத்துதான் இருக்கும். அதனால் ஹார்மோன் கொடுக்கிறோம். சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிஎம்எஸ்ஜி 5 யூனிட், 48 மணி நேரம் கழித்து, முட்டையை வெளியிடத் தூண்டும் எச்சிஜி ஹார்மோன் 5 யூனிட். அடுத்த 12, 13 மணி நேரத்தில் முட்டைகள் மொத்தமாக வெளிவரும். பிளாக்-6-இல் இந்த ஊசி நன்றாக வேலை செய்வது மூன்று முதல் ஐந்து வார வயதுக் குட்டிப் பெண்களில். எட்டு மாதத் தாய்க்குப் போட்டால் ஊசிதான் வீண். குமமோட்டோவில் தக்கேயோவும் நக்ககத்தாவும் 2015-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்ஹிபினை முடக்கும் எதிர்சீரத்தைப் பிஎம்எஸ்ஜியோடு சேர்த்துக் கொடுத்தால் ஒரே குட்டிப் பெண்ணிடம் நூறு முட்டைக்கு மேல் கிடைக்கிறது. சினைப்பையிலிருந்து "போதும்" என்று மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்கிற ஹார்மோன்தான் இன்ஹிபின். அதன் வாயைக் கட்டிவிட்டால் முட்டைகளைப் பொதிந்திருக்கும் நுண்ணறைகள் நிற்காமல் வளர்கின்றன. கொல்ல வேண்டிய எலிகளின் எண்ணிக்கை இதனால் எவ்வளவு குறைகிறது என்று நினைத்துப் பாருங்கள். என் தொழிலில் நான் பார்த்த முன்னேற்றங்களில் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

மறுநாள் காலையில் சினைக்குழாயை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரிடத்தில் புடைத்து, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவித் தெரியும். அந்தப் புடைப்பை ஊசி முனையால் லேசாகக் கீறினால் கொழகொழவென்று ஒரு கட்டி வழுக்கி வெளியே வரும். ஊறின சப்ஜா விதையைப் பார்த்திருப்பீர்களே, நடுவில் விதை, சுற்றிலும் வழவழப்பு. அந்த மாதிரி முட்டைகள் ஒவ்வொன்றும் தன் துணைச் செல்களுக்குள் பொதிந்திருக்கும்.

இனி விந்துக்கு வருகிறேன். மாட்டு விந்தை 1950-களிலேயே கிளிசரால் சேர்த்து உறைய வைத்துக் கன்று பிறக்கச் செய்துவிட்டார்கள். எலி விந்து 1990 வரை யாருக்கும் வசப்படவில்லை. அரிவாள் மாதிரி வளைந்த தலை, நீளமான வால், சவ்வோ உப்பும் தண்ணீரும் கொஞ்சம் ஏறி இறங்கினாலே கிழிந்துபோகும். கிளிசரால் அதற்கு மருந்தாக அமையவில்லை. ஜப்பானியர்கள்தான் வழி கண்டார்கள்: 18 சதவீதம் ராஃபினோஸ் என்ற சர்க்கரை, 3 சதவீதம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். அவ்வளவுதான். இன்றைக்கும் உலகம் முழுக்க எலி விந்து உறைவது இந்தப் பால் கரைசலில்தான்.

ஆனாலும் பிளாக்-6 மட்டும் வெகுகாலம் அடம்பிடித்தது. உருக்கினால் வால் ஆடும், முட்டைக்குள் போகாது. நூறு முட்டையில் பத்து, இருபது கருவானாலே பெரிது. மரபணு மாற்றிய எலிகளில் பெரும்பகுதி பிளாக்-6 என்பதால் இது எங்கள் எல்லோருக்கும் தலைவலியாக இருந்தது. 2008-இல் ஜாக்சன் ஆய்வகத்தார் பால் கரைசலில் மோனோதயோகிளிசரால் சேர்த்து ஆக்சிஜன் சேதத்தைக் குறைத்தார்கள். அதே சமயத்தில் குமமோட்டோவில், உருக்கிய விந்தை மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கலந்த ஊடகத்தில் அரை மணி நேரம் வைத்தார்கள்; அது விந்தணுச் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவி, முட்டையைத் துளைக்கும் தகுதியைத் தருகிறது. பிறகு குளுட்டதயோனையும் சேர்த்தார்கள். அது முட்டையின் மேலுறையில் உள்ள கந்தகப் பிணைப்புகளைத் தளர்த்திக் கதவைத் திறந்துவிடுகிறது. இந்த முறைகளுக்குப் பிறகு பாதிக்கு மேல் கருவாவது சாதாரணமாகிவிட்டது. உங்கள் பேராசிரியர் "பிளாக்-6 விந்து தேறாது" என்ற காலத்து ஆள் இல்லை போலிருக்கிறது, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் உங்களுக்கு உறைய வைத்துத் தரும் இடத்தில் இந்த மருந்தெல்லாம் கையில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஆண் எலிக்கு மூன்று முதல் ஆறு மாத வயது நல்லது. எடுப்பதற்கு முன் நாலைந்து நாள் தனியாக வைத்திருங்கள். விந்தணு ஒன்று உருவாக எலிக்கு 35 நாள் ஆகிறது. காய்ச்சல், சண்டைக் காயம், அறைச் சூடு எதுவாவது இருந்தால் அது முடிந்து ஐந்து வாரம் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

கரு உறைவிப்புக்கு விந்தைவிட வயது அதிகம். 1972-இல் விட்டிங்காம், லைபோ, மசூர் மூவரும் எலிக் கருக்களை மைனஸ் 196 டிகிரியில் எட்டு நாள் வரை வைத்து எடுத்தார்கள். 2500-க்கு மேற்பட்ட கருக்களில் பாதி முதல் எழுபது சதவீதம் வரை உருகிய பிறகும் வளர்ந்தன. சினையான எலிகளில் வைத்தவற்றில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நல்ல குட்டிகளாயின. மசூர் கண்டுகொண்டது இதுதான்: வேகமாகக் குளிரவைத்தால் செல்லுக்குள்ளேயே பனி உறைந்து குத்திக் கிழிக்கும். மிக மெதுவாகக் குளிரவைத்தால் தண்ணீரெல்லாம் வெளியேறி, செல் உப்பில் ஊறிக் கெடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. நிமிடத்துக்கு அரை டிகிரிக்குக் குறைவாக இறக்குகிறோம். மைனஸ் 7 டிகிரி வாக்கில் நிறுத்தி, நைட்ரஜனில் முக்கிய இடுக்கியால் ஸ்ட்ராவின் ஓரத்தைத் தொடுவோம். தொட்ட இடத்தில் வெள்ளையாகப் பூத்து, அந்த வெள்ளை மெல்லக் கருக்கள் இருக்கும் பக்கம் நகரும். பனி வெளியில் உறைந்து செல்லிலிருந்து தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும் நொடி அது. எத்தனை நூறு முறை செய்தாலும் அந்த நொடியில் மூச்சை அடக்கித்தான் பார்ப்பேன். இப்போது பல ஆய்வகங்கள் பனியே உண்டாகாமல் கண்ணாடியாக இறுகவைக்கும் முறைக்கு மாறிவிட்டன. ராலும் ஃபாஹியும் 1985-இல் காட்டிய வழி. கருவி வேண்டாம், வேகம், ஆனால் கை பழகியிருக்க வேண்டும்.

எத்தனை கரு? என் கணக்கு இப்படி: நூறு உருக்கினால் எண்பது பிழைக்கும், அதில் மூன்றில் ஒன்று குட்டியாகும், அதில் பாதியில் கிரி. பன்னிரண்டு, பதின்மூன்று குட்டி வரும். இரண்டு, மூன்று முறை எழுப்பக்கூடிய அளவுக்கு, 250 முதல் 300 வரை வையுங்கள்.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். திரவ நைட்ரஜனில் வேதிவினை என்று எதுவும் நடப்பதில்லை. மிச்சம் இருப்பது இயற்கைக் கதிர்வீச்சு மட்டுமே. இங்கிலாந்தின் ஹார்வெல்லில் மேரி லயன், விட்டிங்காம் குழுவினர் உறைந்த கருக்கள்மேல் சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்குச் சமமான கதிர்வீச்சைச் செலுத்திப் பார்த்தார்கள். சொல்லத்தக்க சேதம் இல்லை. கருவுக்கு வயதாகாது. கூண்டில் ஓடும் எலிக்குத்தான் தலைமுறைக்குத் தலைமுறை வயதாகிறது, மரபணுவில்.

இது நிறையப் பேர் கவனிக்காத விஷயம். பிளாக்-6 வம்சம் 1921-இல் லிட்டில் என்ற மரபியலாளர் உண்டாக்கியது. 1951-இல் அதில் ஒரு கிளை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போனது. ஜாக்சனில் தங்கியதற்கு 'ஜே' என்றும் போனதற்கு 'என்' (N) என்றும் பெயர். பிரிந்த பிறகு ஜே கிளையில் என்என்டி என்ற மரபணுவில் ஒரு துண்டு உதிர்ந்துபோனது. மைட்டோகாண்ட்ரியாவோடு தொடர்புள்ள அந்தக் குறையால் அவற்றின் சர்க்கரைக் கட்டுப்பாடே வேறுபடுகிறது. 'என்' (N) கிளையில் சிஆர்பி1 மரபணு கெட்டு விழித்திரை பாதிக்கப்படுகிறது. இரண்டும் வெளியே பார்க்க ஒரே கறுப்பு எலி. தன் பிளாக்-6 மேலும் மாறாமலிருக்க, ஜாக்சன் ஆய்வகமே உறைந்த கருக்களிலிருந்து ஐந்து தலைமுறைக்கு ஒரு முறை கூட்டத்தைப் புதுப்பிக்கிறது. உங்கள் லைன் ஜே-யா, என்-ஆ என்று உங்களுக்குத் தெரியுமா? விந்தை மட்டும் வைத்திருந்து நாளைக்கு யாரோ கைக்குக் கிடைத்த மற்றக் கிளை முட்டையில் எழுப்பினால், பழைய கட்டுரையின் முடிவு திரும்ப வராது. ஏன் வரவில்லை என்று புரியவும் செய்யாது. மைட்டோகாண்ட்ரியாவும் முட்டை கொடுத்தவளுடையதாகத்தான் இருக்கும்.

உயிருள்ள கூண்டை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையில் நிறையச் சான்று உண்டு. 1947 அக்டோபரில் மெய்ன் மாநிலத்துக் காட்டுத்தீ ஜாக்சன் ஆய்வகத்தை எரித்துவிட்டது. எலிக்கூட்டம் அநேகமாக முழுவதும் போனது. முன்பு அங்கிருந்து எலி வாங்கிச் சென்ற ஆய்வாளர்கள் திருப்பி அனுப்பித்தான் வம்சங்கள் மீண்டன. 2001 ஜூனில் ஹூஸ்டனில் அலிசன் புயல், 2012-இல் நியூயார்க்கில் சாண்டி. இரண்டிலும் தரைக்குக் கீழே இருந்த எலியறைகளில் வெள்ளம் புகுந்து ஆயிரமாயிரமாக எலிகள் செத்தன. உறைய வைக்காத லைன்கள் அவற்றோடு போயின. ஆகவே ஸ்ட்ராக்களை இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டடத்தில் வையுங்கள். முடிந்தால் ஒரு பங்கைக் களஞ்சியத்துக்குக் கொடுங்கள். லைன் பிறருக்கும் பயன்படும் என்று ஏற்றுக்கொண்டால் செலவையும் அவர்களே ஏற்பது உண்டு.

இப்போது அந்த உருக்கிப் பார்க்கும் விஷயம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வகத்துக்காக ஒரு நாக்-அவுட் லைனின் (ஒரு மரபணுவை முடக்கிய லைன்) விந்தை உருக்கினேன். அருமையாக நீந்தியது. முட்டையில் எழுபது சதவீதம் இரண்டு செல்லானது. 22 குட்டி பிறந்தது. ஜீனோடைப் செய்தால், அதாவது மரபணுவைச் சோதித்தால், ஒன்றில்கூட மாற்றம் இல்லை. உறைய வைத்த நாளில் ஒரே கூண்டிலிருந்த இரண்டு அண்ணன் தம்பிகளில் தவறானதை எடுத்திருக்கிறார்கள், காதுக் குறியைச் சரிபார்க்கவில்லை. கூண்டுகளை மூடி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மாணவி கேட்ட ஒரே கேள்வி, "வேற ஸ்ட்ரா இருக்கா அக்கா?" இருந்தது, எல்லாமே அதே எலியுடையது.

அதனால்தான் சொல்கிறேன். வால் ஆடுகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. ஒரு ஸ்ட்ராவை 37 டிகிரித் தண்ணீரில் உருக்கி, முட்டையோடு சேர்த்து, மறுநாள் காலை இரண்டு செல்லானவற்றை எண்ணுங்கள். அவற்றை இன்னும் மூன்று நாள் வளர்த்து அந்தக் கருக்களிலேயே பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து மூன்று மாற்றமும் இருக்கிறதா பாருங்கள். வளர்ப்புத் தாய்க்கு வைத்துக் குட்டி பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. விந்து எடுத்த ஒவ்வொரு ஆணின் வால் நுனியையும் தனியாக எடுத்து வையுங்கள். ஸ்ட்ராவில் லைனின் முழுப் பெயர், கிளை, எலி எண், தேதி நான்கும் நைட்ரஜனில் உதிராத லேபிளில் அச்சிடப்பட்டிருக்கட்டும். சாதாரண மார்க்கர் எழுத்து இரண்டாவது முறை தொடும்போதே அழிந்துவிடும்.

மாதக் கடைசி என்பது நடக்காத காரியம், அதைப் பேராசிரியரிடம் தேதி போட்டே சொல்லுங்கள். கேட்டால் புரிந்துகொள்வார். பதினெட்டில் கிழட்டுத் தாய்களின் கூண்டுகளை இப்போதே மூடிவிடலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆறு கூண்டு போதும். எட்டு வார வயதில் இருக்கும் பெண்களை இந்த வாரம் ஜோடி சேருங்கள். சேர்ப்பதற்கு மூன்று நாள் முன்பே ஆண் எலியின் அழுக்கு மரத்தூளில் ஒரு பிடி பெண்களின் கூண்டில் போட்டால் அந்த வாசனையில் பருவம் ஒன்றுசேர்ந்து வரும், மூன்றாம் இரவில் பிளக் கூடும். பிளக் ஆனவளை வேறு ஆணோடு போட்டுவிடாதீர்கள். புது ஆணின் வாசனைக்கே சினை கலைந்துபோகும், ஹில்டா புரூஸ் 1959-இல் கண்டது. மூன்று வாரத்தில் ஈற்று, அதற்கு நாலு வாரம் கழித்துப் பெண் குட்டிகளுக்கு ஊசி. அதே காலையில் ஓர் ஆணின் விந்தில் ஒரு துளி முட்டைக்கு, மிச்சம் பால் கரைசலில் உறைவதற்கு. கரு, விந்து இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். இன்னொரு ஆணை அடுத்த வாரம் எடுங்கள். பிசிஆர் முடிவு வரும்வரை அந்த ஆறு கூண்டும் இருக்கட்டும். ஏறத்தாழ மூன்று மாதம். எட்டு மாதத் தாய்களை மட்டும் இன்றைக்கே ஜோடியிலிருந்து பிரித்துவிடுங்கள்.